ஓ.பி. சீட்டில் நான் எழுதிய ஒரு வரி

போன மாதம் ஓர் இளம் டாக்டர் என் வீட்டுக்கு வந்திருந்தார். கெட்டிக்காரப் பிள்ளை. பேச்சுவாக்கில் கைப்பேசியை எடுத்து ஏழு மாதக் குழந்தை ஒன்றின் மூளை ஸ்கேனைக் காட்டினார். குழந்தைக்கு இரண்டு கண்ணும் நிற்காமல் இப்படியும் அப்படியும் ஆடுகிறதாம். "ஸ்கேன் நார்மல் சார். ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். எந்த நேரத்தில் கண் அதிகமாக ஆடுகிறது என்று கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. குழந்தைக்குப் பார்வை இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்றேன். அது கண் டாக்டர் வேலை என்றார். சரி, தாய் என்ன சொன்னாள் என்றேன். "அவங்க ஏதோ சொல்லிட்டே இருந்தாங்க சார்" என்றார்.

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ஆனாலும் அவரைத் திட்டவில்லை. நல்ல குணத்தால் அல்ல. திட்டும் யோக்கியதை எனக்கு இல்லாததால். அவர் அனுப்பிவிட்டதோடு நிறுத்திக்கொண்டார். நான் அவர் வயதில் அதைவிட மோசமான காரியம் செய்தவன். அவர் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். இளம் டாக்டர் பிள்ளைகளே, இதில் நான் யாரையும் மரியாதைக்கு விட்டுவைக்கப் போவதில்லை, என்னையும் சேர்த்து.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. எங்கள் ஓ.பி. அறையின் பெரிய ஜன்னல் மேற்கே மலையைப் பார்த்து இருக்கும். காலை வெயில் அந்தப் பாறைகள் மேல் விழுந்து திரும்பி அறைக்குள் அடிக்கும். ஒன்பது மணிக்கெல்லாம் மேசை மேல் வைத்த வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தால் கண் கூசும். மின்சாரம் வந்தாலும் போனாலும் எங்களுக்குக் கவலையில்லை. நோயாளியை ஜன்னலோரம் உட்கார வைத்தால் தொண்டைக்குள் இருக்கும் புண் வரை தெரியும். இந்த அறையைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டதுண்டு.

அந்த ஜன்னலோரத்தில்தான் ஆரோக்கியமேரி தன் ஐந்து மாதக் குழந்தையைக் கொண்டுவந்து கிடத்தினாள். பனமலைப் பக்கம் ஒரு கிராமம். கிறிஸ்தவக் குடும்பம். அவள் கடலை வேகவைத்து விற்பவள். அவள் கணவன் அந்தோணி கிணறு வெட்டும் வேலைக்குப் போகிறவன். குழந்தையின் பெயர் சூசை. முகத்தின் மேல் முந்தானையை இறக்கி மூடியே தூக்கிவந்தாள். துணியை எடு என்றேன். எடுத்ததும் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தது.

"வெயில்லதான் சார் கண்ணு ஆடுது. அந்தி சாஞ்சா அடங்கிடுது. நல்லாப் பாக்குது" என்றாள்.

நோயை முழுதாக என் கையில் கொடுத்துவிட்டாள் பாருங்கள். இதற்கு மேல் ஒரு தாய் என்ன சொல்ல வேண்டும்? எனக்கோ வரிசை வாசல் வரை நின்றது. டார்ச்சை எடுத்துக் குழந்தையின் கண்ணுக்கு நேரே அடித்தேன். அது வீறிட்டது. இமையை விரலால் பிரித்தேன். கருவிழி படபடவென்று பக்கவாட்டில் துடித்தது. வெயில் போதாதென்று டார்ச்சையும் அடித்து, கூச்சத்தில் தவித்த குழந்தையைப் பலவந்தமாகக் கண் திறக்க வைத்து, அது ஆடுவதைக் கண்டு நான் பயந்துபோனேன். வலிப்பாக இருக்குமோ என்று தோன்றியது.

பக்கத்து அறையில் எங்கள் பெரிய டாக்டர் இருந்தார். கூப்பிட்டேன். வந்தார், வாசற்படியில் நின்றார். அவருக்கும் குழந்தைக்கும் நடுவில் எட்டடியாவது இருக்கும். உள்ளே வரவில்லை. குழந்தையைத் தொடவில்லை. தாயின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "மூளைக் கோளாறுப்பா. வலிப்பு மருந்து ஆரம்பிச்சுடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். இத்தனை வருடம் கழித்தும் அந்த வாசற்படியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதைவிட எரிச்சல் என் மேல். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ நிம்மதி. அப்பாடா, முடிவை வேறு ஒருவர் எடுத்துவிட்டார் என்கிற நிம்மதி. உங்களுக்கு அந்த நிம்மதி எப்போதாவது வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நோயாளியை இன்னொரு தடவை பாருங்கள்.

அந்தக் காலத்தில் மிக்ஸ்சரை நோயாளி கொண்டுவரும் பாட்டிலில்தான் ஊற்றிக் கொடுப்போம். பாட்டிலின் பக்கத்தில் ஒரு காகிதப் பட்டை ஒட்டி, ஒரு வேளைக்கு ஒரு வெட்டு என்று கத்தரித்திருக்கும். படிக்கத் தெரியாதவர்களும் வெட்டைப் பார்த்து அளவாகக் குடிக்கலாம். எங்கள் கம்பவுண்டர் சூசையின் பாட்டிலில் பட்டையை ஒட்டிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், அந்தக் கொழந்த வெளிய புளியமரத்து நெழல்ல சிரிச்சினு இருந்துது. உள்ள வந்தாதான் அழுவுது" என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலையைப் பார்க்காதவன் நான்.

இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடி வந்தாள். குழந்தை துவண்டு கிடந்தது. மருந்து கொடுத்த பிறகு அந்தியிலும் பார்க்க மாட்டேன் என்கிறது, பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறது என்றாள். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். கண் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நோய் முற்றுகிறது என்று முடிவு கட்டி மருந்தை ஏற்றிவிட்டேன். அந்த மருந்து அளவு மீறினால் அதுவே கண்ணை ஆட வைக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் கையால் கொடுத்த மருந்தின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கண் ஆடுகிறது என்று மருந்து, மருந்தால் ஆடுகிறதோ என்று யோசிக்காமல் மேலும் மருந்து. செக்குமாடு மாதிரி சுற்றினேன்.

மூன்றாவது தடவை பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. காகித வெட்டுகள் காட்டிக்கொடுத்துவிட்டன. திருடனைப் பிடித்த போலீஸ்காரன் போல எழுந்து நின்றேன். அத்தனை பேர் முன்னால் அவளைப் பார்த்துக் கத்தினேன். உன் குழந்தையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அவள் அழவில்லை. "குடுத்தா கொழந்த கொழந்தயா இல்ல சார்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு நான் செய்தது இரண்டு காரியம். ஓ.பி. சீட்டில் ஆங்கிலத்தில், தாய் ஒத்துழைப்பதில்லை, தாய் சொல்வதை நம்ப வேண்டாம் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். பிறகு வெளியே சைக்கிளோடு நின்ற அந்தோணியைக் கூப்பிட்டு, உன் பெண்டாட்டியை நம்பாதே, வேளாவேளைக்கு நீயே ஊற்று என்றேன்.

அந்தோணி சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. டாக்டர் சொன்னதைக் கேட்கும் நல்ல மனிதன். அன்றிலிருந்து அவனே குழந்தையின் மூக்கைப் பிடித்து மருந்தை ஊற்றினான். அவள் ஏதாவது சொன்னால் டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பையைத் தட்டிக் காட்டினான். அவள் மனம் கேட்காமல் அவனை வற்புறுத்தி வேறொரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் முதலில் சீட்டைத்தான் படித்தார். படித்த பிறகு அவள் வாயைத் திறக்கவே விடவில்லை. நான் எழுதிய ஒரு வரி, அவள் போகும் இடமெல்லாம் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இதையெல்லாம் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

நாலு மாதம் போயிற்று. மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசைக் கூட்டத்துக்குக் காலரா ஊசி போட சுற்றுவட்டாரத்து டாக்டர்களை அனுப்புவார்கள். அந்த முறை என்னை அனுப்பினார்கள். ஸ்பெஷல் பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில் ஒரு மேசை. மதியத்திலிருந்து கைகளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பொழுது சாய்ந்து கூட்டம் கொஞ்சம் கோயில் பக்கம் நகர்ந்ததும் இடுப்பை நிமிர்த்தினேன். பத்தடி தள்ளி ஆரோக்கியமேரி கூடையில் அவித்த கடலை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோணிப்பை மேல் குழந்தை உட்கார்ந்திருந்தது. அமாவாசைக் கூட்டத்தில் கடலை நன்றாகப் போகும்; சாமி வேறாக இருந்தாலும் வயிறு ஒன்றுதானே.

என்னைப் பார்த்ததும் அவள் கை முந்தானையை இழுத்துக் குழந்தையை மறைத்தது. என்னைக் கண்டு ஒரு தாய் குழந்தையை மறைத்தாள். நான் எழுந்து போனேன். உண்மையைச் சொல்கிறேன், திட்டத்தான் போனேன்.

வெளிச்சம் நன்றாக மங்கியிருந்தது. நான் கிட்டே போய் நின்றதும் குழந்தை முந்தானையை விலக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. முகத்தைப் பார்த்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக் கையை நீட்டியது. அது கிடைக்காமல் போகவே கோணியின் மேல் கிடந்த ஒரு கடலைத் தோலை இரண்டு விரலால் சரியாகப் பொறுக்கியது. வாய்க்குப் போகுமுன் தாய் அதைப் பிடுங்கினாள். மூளைக் கோளாறுள்ள குழந்தை என்று நாங்கள் முத்திரை குத்தியது இதைத்தான். குனிந்து உற்றுப் பார்த்தேன். கண்ணில் மெல்லிய நடுக்கம், அவ்வளவுதான்.

"அவரு கெணறு வெட்டப் போயி பத்து நாளாவுது சார்" என்றாள். "நான் மருந்து குடுக்கல. திட்டறதுன்னா திட்டுங்க. மொதல்ல கொழந்தயப் பாருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வளையல் கடைக்காரர் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றிக் கொம்பில் மாட்டினார். வெளிச்சம் பளிச்சென்று கோணிப்பை மேல் விழுந்தது. குழந்தையின் முகம் சுருங்கியது. கண்ணை இடுக்கிக்கொண்டு தலையைத் தாயின் வயிற்றில் புதைத்தது. இமைக்கு நடுவில் தெரிந்த கண் பழையபடி படபடவென்று ஆடியது. ஆரோக்கியமேரி குழந்தையைத் தூக்கி, அங்கே நின்ற பஸ்ஸின் நிழல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் தணிந்தது. குழந்தை என்னைப் பார்த்தது. மறுபடி வெளிச்சத்துக்குத் திருப்பினாள், ஆடியது. மறுபடி இருட்டுக்கு, தணிந்தது. மூன்று முறை செய்து காட்டினாள். எனக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்த எத்தனையோ பெரிய மனிதர்களில் யாரும் எதையும் இவ்வளவு தெளிவாகச் செய்து காட்டியதில்லை.

உடனே வெட்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. முதலில் வந்தது கோபம், இவள் சொன்னது சரியாகிவிட்டதே என்று. வெட்கம் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்தது. இதையும் எழுதி வைக்கிறேன், உங்களுக்கும் வரும் என்பதால்.

மேசைக்கு அடியில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் முறையாக அவளைக் கேள்வி கேட்டேன். பிறந்ததிலிருந்தே ஆடுகிறதா? இல்லை, மூன்றாம் மாதம் கவனித்தாளாம். கை கால் இழுத்ததுண்டா, நினைவு தப்பியதுண்டா? ஒரு நாளும் இல்லை. மருந்தில்லாத இந்தப் பத்து நாளில்? நன்றாகத்தான் இருந்தான், பாலும் குடித்தான். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு தாய்மாமன் இருந்தாரு. எங்க வூட்டுக்காரருக்குச் சித்தப்பா. விடியறதுக்கு முன்னயே ஏர் ஓட்டிடுவாரு. வெயில் ஏறிட்டா கண்ண மூடிக்கினு வூட்டுக்குள்ள படுத்துடுவாரு. சோம்பேறின்னுதான் ஊரே பேசும்."

சொந்தத்தில் கல்யாணம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு சொந்தக்காரர். அந்த மனிதர் ஆயுசு முழுக்கச் சோம்பேறிப் பட்டத்தோடு வாழ்ந்து செத்துப்போயிருக்கிறார். ஊரைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? ஊர் அவருக்குப் பட்டம் மட்டும்தான் கொடுத்தது. நாங்கள் அந்தக் குழந்தைக்கு மருந்தும் கொடுத்தோம்.

நம் கண்ணுக்குள் பகல் வெளிச்சத்துக்கு என்று ஒரு வகை உயிரணுக்கள், மங்கலுக்கு என்று இன்னொரு வகை. சிலருக்குப் பிறவியிலேயே பகலுக்கானவை வேலை செய்வதில்லை. அவர்களுக்கு நிறம் தெரியாது, வெயிலில் கண் கூசும், பார்வையைப் பிடித்து நிறுத்த முடியாமல் கண் ஆடும். அந்தியில் அவர்கள் கெட்டிக்காரர்கள். மாலைக்கண் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு நேர்மாறாக ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செஞ்சியிலேயே வெளிச்சம் அதிகமான இடத்தில் வைத்து அந்தக் குழந்தையைப் பார்த்தேன். வந்த ஒவ்வொரு தடவையும் அங்கேயே பார்த்தேன்.

மதராஸில் ஒரு கண் டாக்டருக்கு எழுதி அவர்களை அனுப்பி வைத்தேன். அவர் இருட்டறையில் வைத்துப் பொறுமையாகப் பார்த்துவிட்டு அதையேதான் எழுதினார். மூளைக் கோளாறு இல்லை, வலிப்பும் இல்லை. கறுப்புக் கண்ணாடி, தொப்பி, பள்ளிக்குப் போகும் வயதில் ஜன்னலுக்கு முதுகு காட்டி முன் பெஞ்சில் இடம். கண் ஆட்டம் முழுக்க நிற்காது. நிறமும் ஒரு நாளும் தெரியாது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டார். பெரிய டாக்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்தார், திருப்பிக் கொடுத்தார். இதை வெளியே பேசிக்கொண்டிருக்காதே, ஆஸ்பத்திரி பெயர் கெட்டுவிடும் என்றார். குழந்தை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும், நீங்கள் வாசற்படியைத் தாண்டியிருந்தால் என்று ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஒன்று இங்கே சொல்லிவிடுகிறேன், பாதியைப் படித்துவிட்டு ஓடுகிறவர்களுக்காக. தாய் வேண்டாம் என்றால் வலிப்பு மருந்தை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையில் வலிப்புள்ள குழந்தைக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. குழந்தையின் கண் ஆட நூறு காரணம் உண்டு. பிறவிக் கண்புரை இருக்கலாம், தோலும் முடியும் வெளுத்த குழந்தையாக இருக்கலாம், நிஜமாகவே மூளையில் கட்டி இருக்கலாம், நீங்கள் கொடுத்த மருந்தே காரணமாகவும் இருக்கலாம். அதனால்தான் கேளுங்கள் என்கிறேன். எப்போது ஆடுகிறது, எப்போது அடங்குகிறது, எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் குழந்தையைப் பார்ப்பது ஐந்து நிமிடம். அவள் பொழுதுக்கும் பார்க்கிறாள். ஸ்கேன் அதற்குப் பிறகு எடுக்கலாம், ஓடிப்போகாது.

மதராஸிலிருந்து வந்ததும் அவர்களைச் சாயங்காலம் வரச் சொன்னேன். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் எங்கள் ஓ.பி. அறை நிழலாகிவிடும். அந்த அறையில் சூசை முதல் முறையாக அழாமல் உட்கார்ந்து மேசை மேலிருந்த ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டிருந்தான். அந்தோணிக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவன் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தன் கையால் மூக்கைப் பிடித்து ஊற்றிய வேளைகளை எண்ணியிருப்பான் என்று நினைக்கிறேன்.

"அப்ப இவ சொன்னதுதான் நெசமா சார்?" என்றான்.

"ஆமாம்" என்றேன்.

ஆரோக்கியமேரி அவன் சட்டைப் பையைக் காட்டி, அந்தச் சீட்டை எடுத்து மேசை மேல் வைக்கச் சொன்னாள். மடிப்பெல்லாம் கிழியும் நிலையில் இருந்தது. என் அடிக்கோடு மட்டும் அழியாமல் அப்படியே இருந்தது. அவள் சரியாக அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"எங்க மாதா கோயில் சாமியாரு படிச்சி சொன்னாரு சார். இத அடிச்சிடுங்க."

அடித்தேன். பேனா காகிதத்தைக் கிழிக்கும்படி அடித்தேன். போதும் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் விரலை எடுக்கவில்லை.

"அடிச்சா மட்டும் போதாது. நான் இன்னா சொன்னனோ அத எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க. இவரு படிக்கணும்."

ஓ.பி. சீட்டில் தமிழில் எழுதும் வழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. எழுதினேன். அவள் முதல் நாள் என்னிடம் சொன்ன வார்த்தைகளை அவளையே திரும்பச் சொல்லச் சொல்லி எழுதினேன். கீழே நானாக இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டு அந்தோணியிடம் நீட்டினேன். அவன் அவ்வளவாகப் படித்தவன் இல்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான்.

"வெயிலில்தான் கண் ஆடுகிறது. அந்தி சாய்ந்தால் அடங்கிவிடுகிறது. குழந்தை நன்றாகப் பார்க்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் குழந்தையின் தாய். அவர் சொல்வதைக் கேட்கவும்."

இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தான். பிறகு சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. திரும்பி வந்து அதை அவளிடம் கொடுத்தான்.